தட்டுக்கம்பு

அய்யாத்துரைக்குக் கண் தெரியாது. நீச்சல்காரர். நான்கு வகை நீச்சலையும் ஒரே மூச்சில் நீந்தும் மெட்லிதான் அவருடைய பந்தயம். குரு ஜெபமலர் வயதில் இளையவள். சீடனை அண்ணாச்சி என்பாள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பார்வையற்றோர் பந்தயத்தில் எல்லாருக்கும் கறுப்படித்த கண்ணாடி. சுவர் நெருங்குகிறது என்று தலையில் தட்டிச் சொல்லக் கரையில் ஓர் ஆள் நிற்கும். கையில் நீளக் கம்பு, நுனியில் பஞ்சு உருண்டை. அய்யாத்துரைக்குத் தட்டுவது ஜெபமலர்.

வெளிநாடு. மறுநாள் இறுதிப் போட்டி. தகுதிச் சுற்றில் பிரேசில்காரன் முந்திவிட்டான்.

"அவனுக்குக் கண்ணு தெரியும், கோச்சம்மா."

"கண்ணாடியச் சோதிச்சாங்களே. கறுப்புதான்."

"எங்கயாவது ஓட்டை இருக்கும்."

"எத வச்சுச் சொல்லுதிய?"

"மல்லாக்க நீந்தும்போது, சுவர் கிட்ட வந்தா என் கை தானா மெதுவாவுது. அவன் கை அதே வேகத்துல அடிக்குது. பக்கத்து லேன்தானே, தண்ணிக்குள்ளயே கேக்குதுல்லா. கண்ணு தெரியாதவன் எவனாவது அப்படிப் போய்ச் சுவத்துல விழுவானா?"

"அவனுக்கும் தட்ட ஆள் நிக்குல்லா."

"எனக்குந்தான் நீங்க நிக்கிய."

"பெறவு ஏன் மெதுவாவுது?"

அய்யாத்துரைக்குக் கோபம் வந்தது.

"புகார் குடுங்க. இல்லன்னா நாளைக்கு நான் தண்ணியில எறங்க மாட்டேன்."

ஜெபமலர் அவரைப் பயிற்சிக் குளத்துக்கு இழுத்துப்போனாள். விளிம்பில் நிறுத்தினாள். கம்பை அவர் கையில் திணித்தாள். அவருடைய கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் கரையில இருந்து மல்லாக்க வாரேன். நீங்க தட்டுங்க."

"வெளையாடுதியளா? நீங்க எங்க வாரீயன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பிரேசில்காரன் கை மட்டும் கேக்குதாக்கும்?"

போய்விட்டாள்.

தூரத்தில் சத்தம் தொடங்கியது. வந்தது. கிட்டே வந்தது. கை அடிப்பது குறையவே இல்லை.

"மெதுவா! கோச்சம்மா, மெதுவா!"

காதில் தண்ணீர். அவளுக்கு எங்கே கேட்கும்?

கம்பை வீசினார். தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசினார். அதுவும் தண்ணீர்.

ணங்கென்று ஒரு சத்தம்.

கம்பைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். குனிந்து தடவினார். ஈரத் தலைமுடி அகப்பட்டது. உச்சியில் புடைப்பு.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? சுவர் வரும்னு தெரியும்லா? கொஞ்சம் மெதுவா வந்தா என்ன கொறஞ்சு போகும்?"

ஜெபமலர் கண்ணாடியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கம்பு உங்க கையிலல்லா இருந்துச்சு, அண்ணாச்சி."