புடலையின் வாலில் கல்

காய்களுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒச்சம்மா என்று ஒருத்தி காய்கறித் தோட்டம் வைத்திருந்தாள். வண்டி வண்டியாக எருவைக் கொட்டியும் கீரை வெளுத்தது, கத்தரி பூவை உதிர்த்தது, பூசணி எலுமிச்சை அளவிலேயே நின்றுவிட்டது.

"வர்ற அமாவாசைக்குள்ள ஒழுங்கா காய்க்காதது எல்லாம் கிடாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். வேலிக்கு வெளியே நின்ற வெள்ளாட்டுக் கிடா அப்போதே வெறும் வாயை மென்று பழக ஆரம்பித்தது.

தோட்டத்து மூலையில் ஒரு கிழட்டுப் பாறை இருந்தது. அது பேசியது.

"தாயி, எரு சோறு. சோத்துக்கு உப்பு வேணாமா? மண்ணுல இருந்ததை மழை கழுவிக்கிட்டுப் போயிருச்சு. என்னை இடிச்சு மாவாக்கித் தூவு. இரும்பு, சுண்ணாம்பு, எனக்கே பேர் தெரியாத சத்தெல்லாம் எங்கிட்ட இருக்கு."

ஒச்சம்மா இடுப்பில் கை வைத்தாள். "சும்மா தர்றேங்கிறியே, உனக்கு என்ன லாபம்?"

"உக்காந்தே இருந்து இடுப்பு செத்துப்போச்சு. கொஞ்ச நாள் கீரையா ஆடிப் பார்க்கிறேனே!"

அவளுக்கு அரை நம்பிக்கைதான். ஆனாலும் சம்மட்டியால் உடைத்து, உரலில் இடித்து, சலித்துத் தூவினாள்.

கல்லையா தின்பது என்று செடிகள் வேரை இழுத்துக்கொண்டன. பந்தலில் ஈட்டி மாதிரி நேராகத் தொங்கிய புடலங்காயிடம் கிடா கழுத்தை நீட்டியது.

"மாப்ளே, நான் மூணாம் ஆளு. எனக்கென்ன வந்துச்சு? ஆனா கல்லுக்கு இரக்கம் வந்து எங்கயாச்சும் பார்த்திருக்கியா? உங்க வயித்துக்குள்ள ஒண்ணுகூடி மறுபடி பாறையா எந்திரிப்பான். அதுவும் வால் வழியா!"

பசி தாங்காத சாம்பல் பூசணி முதலில் விழுங்கியது. விழுங்கிய அவசரத்தில் மேலெல்லாம் இறைத்துக்கொண்டது. அந்த மாவு இன்றும் அதன் மேல் இருக்கிறது, நம்பாதவர்கள் தடவிப் பார்க்கலாம். நாலே நாளில் அது குடம் போலப் பருத்தது.

"பார்த்தியா, உள்ளே பாறை வளருது!" என்றது கிடா.

மற்றவை அதைக் கேட்கவில்லை. பூசணியைப் பார்த்துத் தாமும் தின்றன. கீரை கறுத்துத் தழைத்தது, கத்தரி காய்த்தது. புடலை மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டது. வேர் யார் பேச்சைக் கேட்கிறது? அது திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் புடலைக்கு நடுக்கம் எடுத்தது. "வந்துட்டானா?" என்று வாலைத் திருப்பிப் பார்த்தது. காலையில் ஒரு தரம், உச்சிப் பொழுதில் ஒரு தரம், அப்புறம் மூச்சுக்கு மூச்சு. திரும்பித் திரும்பி முறுக்காகவே ஆகிவிட்டது.

அமாவாசையன்று காய் பறிக்க வந்த ஒச்சம்மா, "ஆத்தாடி, பாம்பு!" என்று கம்பைத் தூக்கினாள். கிட்டே போய்ப் பார்த்து, "அட, நீயா! உன்னை எந்தக் குழம்புல போட? ஏய் கிடா, வா!" என்றாள்.

கிடா ஏற்கெனவே வேலிக்குள் வந்திருந்தது.

அதன் வாய் கொடியில் படும் நேரம், உரலடியில் இடிபடாமல் கிடந்த ஒரு கல் கத்தியது. அந்தப் பாறையில் மிச்சம் அவ்வளவுதான்.

"தாயி, பொறு! என்னை அவன் வாலுல கட்டு." பிறகு புடலையிடம் சொன்னது: "ஏண்டா, நான் பின்னால வர்றேனான்னுதானே திரும்பிப் பார்க்கிறே? இந்தா, கண்ணுக்கு எதிரேயே தொங்குறேன். நல்லாப் பார்த்துக்க."

ஒச்சம்மா வாழைநாரால் கல்லைக் கட்டினாள். புடலை மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தது. கல் அசையவில்லை. புடலையும் கண்ணை எடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கோணல் எல்லாம் நிமிர்ந்துவிட்டது. கிடா வெறும் வாயை மென்றபடி வெளியே போனது.

புடலை பிஞ்சு விட்டதும் அதன் வாலில் நாம் கல் கட்டுவது அன்று முதல்தான். காய் நேராக வளரட்டும் என்று நாம் கட்டுகிறோம். புடலையைக் கேட்டால் வேறு சொல்லும்: "இந்தப் பயலை நம்ப முடியாது. நான்தான் தப்பவிடாமல் பிடிச்சு வச்சிருக்கேன்."