நாற்பத்தொன்று கூப்பிடுகிறது

ஐம்பது வயதுக்கு மேல் மறுபடியும் மாணவனாக உட்கார்ந்தவர் தணிகாசலம். சோப்புக் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மச்சான் சொல்லிவைத்து, ஊருக்கு வெளியே, பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு டேட்டா சென்டரில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குரு செலின். வயதைப் பார்த்தால் மகள் மாதிரி. அவர் "மேடம்" என்பார், அவள் "அண்ணே" என்பாள். அதில் இரண்டு பேருக்கும் கூச்சம் ஒன்றும் இல்லை.

செலினிடம் ஒரு பழக்கம். கேள்வி கேட்டால் பாதி நேரம் வாயைத் திறக்கமாட்டாள். எழுந்துபோய் எதையாவது செய்வாள். பார்த்துப் புரிந்துகொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, தணிகாசலத்துக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

அன்று அவர் முதன்முதலாகத் தன் கையாலேயே ஒரு சர்வரை நிறுவினார். சாயங்காலம் வாடிக்கையாளர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ரேக் என்கிற இரும்பு அடுக்கில் ஏற்றித் திருகு முடுக்கினார், கரண்ட் கொடுத்தார், கேபிளைச் செருகினார். ஆபீசில் ஒதுக்கிக் கொடுத்த இணைய முகவரியை அதற்குப் போட்டுவிட்டார். பச்சை விளக்கு எரிந்ததும் மனுஷனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நிமிஷமே திரையில் ஒரு வரி வந்தது.

'நாற்பத்தொன்று கூப்பிடுகிறது.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே வரி. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே வரி.

அந்த மிஷினுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அது இருப்பதே வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. ஜன்னல் இல்லாத கூடம். ஃபேன் இரைச்சல், எலும்பு வரைக்கும் ஏறும் குளிர். வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது என்று அங்கே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ரேக்குக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றி, தணிகாசலம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லை. அதற்குள் இன்னும் சில வரிகள் சேர்ந்திருந்தன.

செலினைக் கூட்டிவந்து காட்டினார்.

"இப்பத்தான் பொறந்த மிஷினு, மேடம். இதை யாரு கூப்பிடுறது?"

"இதைக் கூப்பிடலண்ணே. இந்த முகவரியில முன்னாடி இருந்ததைக் கூப்பிடுறாங்க."

வாடகை வீட்டுக்குக் குடிபோனால் பழைய ஆளைத் தேடி யாராவது வந்து கதவைத் தட்டுவதில்லையா, அப்படித்தான் என்றாள். பழைய மிஷின் எங்கே என்று கேட்டார். கழற்றி, உடைத்து, காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டதாம்.

செத்துப்போனதையா இத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, திரையை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"யாருன்னு விசாரிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் பதில் சொல்லிடாதீங்க."

"ஏன் மேடம்?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தணிகாசலம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். வரிகள் வந்துகொண்டே இருந்தன. வாடிக்கையாளர் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார், பேய் பிடித்த மிஷினையா என் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்கமாட்டாரா? அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையை மறைப்பானேன், பாவமாகவும் இருந்தது. ஒரு ஜீவன் தொண்டை வற்றக் கூப்பிடுகிறது, இவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்?

அவருக்குத் தெரிந்த மட்டும் தட்டினார். யார் கூப்பிட்டாலும் 'கிடைத்தது' என்று சொல்லச் சொல்லி சர்வருக்கு உத்தரவு போட்டார்.

நாற்பத்தொன்று கூப்பிட்டது. சர்வர் 'கிடைத்தது' என்றது.

அவ்வளவுதான், நின்றுபோனது. திரை அசையவில்லை. தணிகாசலம் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று செலினை நினைத்து லேசாகச் சிரிப்புகூட வந்தது.

அப்புறம் ஒரு புது வரி வந்தது.

'நாற்பத்தொன்று. கதவு திறந்தது.'

அவர் வெடுக்கென்று திரும்பிக் கூடத்துக் கதவைப் பார்த்தார். அது சாத்தித்தான் இருந்தது.

'நாற்பத்தொன்று. கதவு திறந்திருக்கிறது.'

கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடியும் சொன்னது. எந்தக் கதவு, எங்கே இருக்கிற கதவு என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

செலின் ஓடிவந்தாள். அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை. திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"பதில் சொன்னீங்களா?"

"கிடைத்ததுன்னு மட்டும்தான் மேடம். ஒரே ஒரு வார்த்தை."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. விசாரித்ததைத் தணிந்த குரலில் சொன்னாள். இந்த முகவரியில் முன்னாடி இருந்தது, வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு ஆபத்தில் உதவி அனுப்பும் ஒரு கம்பெனியின் மிஷின். கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். ஆபத்து என்றால் அதில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பதில் கிடைக்கும்வரை பெட்டி விடாமல் கூப்பிடும். கம்பெனியை மூடியபோது எல்லாரிடமும் பெட்டியைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தொன்றாம் வீடு மட்டும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. ஆவடிப் பக்கம் வீடு. உள்ளே இருப்பது ஒரே ஆள்.

பதில் கிடைத்தால் பெட்டி என்ன செய்யும் என்று தணிகாசலம் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"'செய்தி கிடைத்தது, பயப்படாதீங்க, வந்துக்கிட்டிருக்கோம்'னு பதிவு பண்ணின குரல்ல பேசும். அப்புறம் வர்றவங்க உள்ளே போறதுக்கு வாசக்கதவைத் திறந்துவிட்டுடும்."

ஏதோ ஒரு வீட்டில், யாரும் பேசாத ஓர் அறையில், ஒரு குரல் இப்போது அதைச் சொல்லியிருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் அதைக் கேட்டாரோ, கேட்கிற நிலையில்தான் இருக்கிறாரோ. தெருவைப் பார்த்துக் கதவு மட்டும் திறந்துகிடக்கிறது.

"பொத்தானை எப்ப அழுத்தினாரு, மேடம்?"

"இன்னிக்கா இருக்கலாம். போன மாசமாவும் இருக்கலாம். பெட்டிக்கு அது தெரியாது."

'நாற்பத்தொன்று. கதவு திறந்திருக்கிறது.'

"இப்ப என்ன பதில் போடட்டும்? தப்பா சொல்லிட்டோம்னு போட்டுடலாமா?"

"அந்தப் பெட்டிக்கு வேற வார்த்தை புரியாதுண்ணே."

அவள் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ஆம்புலன்சுக்கு ஏற்கெனவே போன் பண்ணியாகிவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது என்றாள். தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவமானமாக இருந்தது, பயமும் போகவில்லை. புது சர்வரைப் பார்த்தார், பச்சை விளக்கு ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் வரும் நேரம் வேறு நெருங்கிவிட்டது.

"அதான் ஆம்புலன்ஸ் போகுதே, மேடம். நாம எதுக்கு?"

செலின் ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள்.

"வர்றோம்னு சொன்னது அவங்க இல்லையேண்ணே."