கோபத்தை வென்றவருக்கு ஒரு சாய்வு நாற்காலி

பெண்டாட்டியிடம் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளாத ஆண்கள் இந்தக் கதையைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள், அதாவது எல்லாரும், கொஞ்சம் உட்காருங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில், கோபத்தைக் குறைக்க நினைக்கும் ஆண்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஞாயிறு காலையில் பூங்காவில் கூடுவார்கள். தலைவர் சிங்கமுத்து, முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கோபத்தில் அவர் பார்க்காத ரகம் இல்லை. ஒரு மாதத்தில் கோபத்தை வென்று காட்டுபவருக்குத் தேக்குச் சாய்வு நாற்காலி பரிசு, சாட்சி அவரவர் மனைவி என்று அறிவித்தார்.

மாதம் முடிந்தது. மூன்று பேர் நாற்காலிக்கு நின்றார்கள்.

தனக்கோடி மாதம் முழுக்கக் குரலே உயர்த்தவில்லை. கோபம் வந்தால் தட்டை நகர்த்திவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவார். மூன்று நாள் பேச்சு இருக்காது. அவர் மனைவி கணவனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இவுக தங்கமானவுக" என்றாள்.

திருவேங்கடம் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு குளக்கரைக்கு நடந்துவிடுவார். ஆறு கிலோ குறைந்திருந்தார். அவர் டீ குடிக்கப் போகும்வரை மனைவி வாய் திறக்கவில்லை. போனதும், "பரவாயில்ல" என்றாள். அவர் திரும்பி வருவதைப் பார்த்து, "ரொம்பப் பரவாயில்ல" என்றாள்.

மூன்றாமவர் ஆவுடையப்பன். அவர் மனைவி வடிவு துணிப்பையோடு வந்திருந்தாள். சங்கத்தில் சேரச் சொன்னவளே அவள்தான். "ஒரு மாசம் பாப்பேன். மாறலைன்னா மதுரைல அக்கா வீடு. திரும்பி வர மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்கு மதுரை பஸ்.

"மூணு தடவை கத்திட்டேன்" என்றார் ஆவுடையப்பன். "ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்குப் போய், தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"மூணா? நாலு!" என்றாள் வடிவு. "செவ்வாக்கெழமை ரசத்துக்குக் கத்தினீகளே, அதை எந்தக் கணக்குல சேக்க?"

பூங்காவே சிரித்தது. "நாற்காலியும் போச்சு, வீட்டுக்காரியும் போச்சு வே!" என்றார் தனக்கோடி.

ஆவுடையப்பனுக்குக் காது சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மெதுவாக, "ஆமா, மறந்துட்டேன். ரசத்துல ஒரு குறையும் இல்ல. ஆபீஸ்ல மேனேஜர் திட்டினதை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்" என்றார்.

மணி பத்தே முக்கால்.

இப்போது சொல்லுங்கள்: நாற்காலி யாருக்குச் சேர வேண்டும்? ஏன்?

விடை: ஆவுடையப்பனுக்கு. தனக்கோடியின் கோபம் போர்வைக்குள் போனது. திருவேங்கடத்தின் கோபம் குளக்கரையைச் சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்தது. இரண்டுமே வீட்டை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ஒருத்தி கணவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள், இன்னொருத்தி வழியைப் பார்த்துப் பேசினாள். வடிவு யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால் கணவனைத் திருத்தினாள். ஒரு மாதத்துக்கு முன் அவர் தப்பை இப்படிப் பயமில்லாமல் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்திருந்தால் பை எதற்கு? சிங்கமுத்து அதைத்தான் பார்த்தார். பதினோரு மணி பஸ் வந்தது, போனது. ஆவுடையப்பன் நாற்காலியைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் முதலில் உட்கார்ந்தது வடிவு. அவர் ஐந்தாவது தடவை கத்த வாயெடுத்து, யோசித்து, தரையில் உட்கார்ந்துகொண்டார்.