கொட்டாங்கச்சித் தறியும் எல்லாம் தெரிந்த அமைச்சரும்

கதை கேட்க வந்தவர்களே, தும்மல் வருகிறவர்கள் இப்போதே தும்மிவிடுங்கள். பனைமரங்கள் மேகத்தில் தலை இடித்துக்கொண்ட காலத்தில், வாகையூரைப் பரிமேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவனுக்குப் பகை அரசர்கள் இல்லை, பூக்கள்தாம் பகை. மல்லிகைக்கு ஒரு தும்மல், தாழம்பூவுக்கு இரண்டு, சாமந்திக்கு மூன்று. மூன்றாவது தும்மலில் மகுடம் கழன்று முன்வரிசையில் இருப்பவர் மடியில் விழும். மாலை அணியாத அரசன் தேரில் ஏறக்கூடாது என்பதோ அந்நாட்டு வழக்கம். ஆகவே திருவிழாத் தேர் மூன்று ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நின்றது. அதன் அடியில் கோழிகள் அடைகாத்தன.

அதே ஊரில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். கொட்டாங்கச்சியின் விளிம்பில் பன்னிரண்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, தானே ஒரு தறி செய்திருந்தாள். சாயநூலைக் குச்சிக்கு எதிர்க்குச்சி இழுத்து மூன்று சுற்றுச் சுற்றுவாள், ஊசியால் நடுவில் இறுக்கிக் கட்டுவாள், பிறகு கழற்றுவாள். கையில் ஒரு பூ இருக்கும். மணமும் இல்லை, தும்மலும் இல்லை. அந்தப் பூக்களால்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

செய்தி அமைச்சர் அறிவாகரருக்கு எட்டியது. அந்தப் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர் அவர். காத்தாயியின் வீட்டுக்கு வந்து அமர்ந்தார். முதல் சுற்றுக்குத் தலையசைத்தார். இரண்டாம் சுற்றுக்கு, "புரிந்தது" என்றார். மூன்றாம் சுற்று முடிந்ததும் தறியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, இன்னும் ஒன்று இருக்கிறது..."

"எனக்குத் தெரியும், போ!"

காத்தாயி அரசனிடம் முறையிட்டாள். "தறி என் கண்டுபிடிப்பு, இவள் எட்டிப் பார்த்துக் கற்றவள்" என்று அமைச்சர் கூசாமல் சொன்னார். அரசன் தீர்ப்புரைத்தான்: "நாளை சபையில் இருவரும் பூச் செய்யுங்கள். அதுவரை தறி சபையிலேயே இருக்கட்டும். செய்தவருக்கு அது; செய்யாதவர் நாட்டைவிட்டுப் போகலாம்."

வேறு நாட்டில் காத்தாயிக்கு யாரைத் தெரியும்?

மறுநாள் அமைச்சர் ஒரு வண்டிச் சக்கரத்தையே உருட்டிக்கொண்டு வந்தார். "அரசருக்குக் கொட்டாங்கச்சி அளவிலா பூ?" என்றார். சக்கர விளிம்பில் ஆளுயரக் குச்சிகள் நட்டு, காலை முதல் உச்சிவேளைவரை சிவப்பு நூலைச் சுற்றினார். சபையே வாய்பிளந்தது.

"ஐயா, ஒரு சொல்..." என்றாள் காத்தாயி.

"பெண்ணே, நான் சாத்திரம் படித்தவன். எனக்குத் தெரியும்!"

அவர் நூலைக் கழற்றக் கை வைத்தார்.

"ஐயா, கழற்றாதீர்கள்!"

"தெரியும், தெரியும், தெரியும்!"

கழற்றி, அரசன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பூ ஒரு கணம் நின்றது. பிறகு பொலபொலவென்று நூலாகி அரசன் மேல் இறங்கியது. காதில் நூல், மீசையில் நூல், முழங்கால்வரை நூல்.

"அமைச்சரே, நான் எங்கே இருக்கிறேன்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பூவுக்குள், அரசே. இது புது வகை."

அரசனை வெளியே எடுக்க நான்கு காவலர் தேவைப்பட்டனர். அதற்குள் காத்தாயி கொட்டாங்கச்சியை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினாள், நடுவில் கட்டினாள், கழற்றினாள். அரசன் பூவை முகர்ந்தான். ஒருமுறை, இருமுறை, மும்முறை. தும்மல் வரவில்லை.

"அவரிடம் என்னதான் சொல்ல வந்தாய்?"

"கழற்றுமுன் நடுவில் கட்டுங்கள் என்று, அரசே. அவ்வளவுதான்."

"அதுவும் எனக்குத் தெரியும்" என்றார் அமைச்சர்.

தறி காத்தாயிக்குக் கிடைத்தது; அவள் கட்டிய நூல்மாலையோடு அரசன் ஏற, தேரும் நகர்ந்தது. அமைச்சருக்கு எல்லைவரை காவல் கிடைத்தது. எல்லையில் காவலன், "ஐயா, அந்தப் பாதை நேராக ஆற்றுக்குள் போகிறது" என்றான்.

"எனக்குத் தெரியும்!" என்றார் அறிவாகரர். இடுப்பளவு நீரில் நின்றபோதும் அதையே சொன்னாராம்.

பாதி பார்த்துவிட்டு முழுதும் தெரியும் என்பவரைவிட, "அப்புறம் என்ன?" என்று கேட்பவரே அறிவாளி.