பத்து நாள் ஆணி

சடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு கோமளவல்லிக்கு நாற்பதுதான். பஞ்சர் கடைக்காரரின் மகளான அவர் சடையப்பனை "ஐயா" என்பார். இவர் அவரை "அம்மா" என்பார்.

நாலு வருடத்துக்குப் பிறகு மகள் வளர்மதியின் வீட்டுக்குக் கிளம்பிய சடையப்பன், துணைக்குக் குருவையும் காரில் அழைத்துக்கொண்டார். வழியில் கேட்டார்.

"அவ கல்யாணத்துக்கு நான் போகலை. ஆனா பொங்கலுக்குப் பொங்கல் புடவை அனுப்பிடறேன், அவளும் வாங்கிக்கிறா. இன்னைக்குப் பேரனுக்கு அரைஞாணைக் கட்டிட்டு, ரெண்டு கொஞ்சு கொஞ்சிட்டு வந்துட்டாப் போதாதா அம்மா? பழசை எதுக்குக் கிளறணும்?"

தாரமங்கலம் தாண்டியதும் கார் இடப்பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால், முன் டயர் பாதி இறங்கியிருந்தது.

"காலையிலதானே காத்து அடிச்சேன்!"

"டயர்ல ஆணி இருக்கே, பார்த்தீங்களா?"

"பத்து நாளா இருக்கும்மா. பிடுங்கினா காத்து மொத்தமும் போயிடுமேன்னு தினமும் அடிச்சு அடிச்சு ஓட்டறேன்."

"நல்ல ஆளுய்யா நீங்க. பிடுங்குங்க."

குறடு போட்டு இழுத்தார். காற்று சீறியது. பதறிப்போய் ஆணியை மறுபடி அதே ஓட்டையில் வைத்து அழுத்தினார். குரு சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி எறிந்தார்.

பஞ்சர் பெட்டியில் இருந்த, ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியை ஊசியில் கோத்து, சடையப்பன் ஓட்டையில் குத்திப் பார்த்தார். போகவில்லை. குரு ஊசியை வாங்கிக் கீழே வைத்தார். முறுக்கு அரத்தை எடுத்து ஓட்டைக்குள் விட்டு, மேலும் கீழுமாக அராவினார்.

"என்னம்மா இது, இருக்கிற ஓட்டையைப் பெரிசாக்கறீங்க?"

"உள்ளே துரு இருக்கு. அதுமேல எதுவும் ஒட்டாது."

நெற்றி வியர்க்க அராவிய பிறகு, திரியைச் சொருகி ஊசியை வெடுக்கென்று உருவினார். வெளியே நின்ற வாலை நறுக்கினார். சடையப்பன் கை பம்பால் காற்றடித்தார். சோப்புத் தண்ணீர் விட்டதில் ஒரு குமிழிகூட வரவில்லை.

மகளின் தெருமுனை வந்தது. சடையப்பன் காரை நிறுத்தினார். மடியில் இருந்த அரைஞாண் பெட்டியை எடுத்துப் பின் சீட்டில் வைத்தார்.

"கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு நானே சொல்லிடறேன். ஆனா அவ கத்துவாளே அம்மா."

"கத்தட்டும் ஐயா. பம்பு நம்ம வண்டியிலதானே இருக்கு."