சுவரில் விழுந்த வழிக்கு வந்த பெயர்

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவின் மேற்குக் கடலில் மழை ஓயாத ஒரு தீவு இருந்தது. அங்கே வழங்கியது கெல்டிக் மொழிகளில் ஒன்று. ஆண்டது ஒரு கொம்புமான். அது முதலில் கடற்கரையை எடுத்துக்கொண்டது. அடுத்து, கொட்டைமரத் தோப்பை. அதற்கும் அடுத்து, குளிர்காற்றுக்கு எல்லாரும் ஒதுங்கும் பள்ளத்தைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பியது. ஒவ்வொரு முறையும் எல்லாரும் கூடினார்கள், முணுமுணுத்தார்கள், மழை வலுத்ததும் கலைந்தார்கள்.

அந்தக் குளிரில் ஆட்டுக்குட்டிகள் விறைத்துச் செத்தன. மேட்டில் குடியிருந்த முயல் ஒருத்தி சுவருக்கு அடியில் தோண்டி, ஒரு கல்லை நகர்த்தி வழி செய்தாள். எல்லாரும் அதன் வழியே நுழைந்து பிழைத்தார்கள். யார் செய்தது என்று மான் வந்து கேட்டபோது, எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

தீவைவிட்டு விரட்டுவதுதான் தண்டனை. அதற்கு முன் குற்றவாளியின் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிப்பார்கள். பிறகு அந்தப் பெயரால் எந்த உயிரையும் கூப்பிடக் கூடாது. படிப்பது நாரையின் வேலை.

"உன்னைத் தோண்டச் சொல்லி யாரம்மா கேட்டது?" என்றது ஒரு வாத்து.

"யாரும் கேட்கவில்லை. உன்னை நுழையச் சொல்லி நானும் கேட்கவில்லை" என்றாள் முயல். பிறகு நாரையிடம் திரும்பி, "பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள், ஐயா" என்றாள்.

நாரை அப்படியே படித்தது. அவள் பெயரே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. அவளைக் கடலில் இறக்கினார்கள். காதுகள் அலையில் மறையும்வரை பார்த்துவிட்டு, அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

மான் ஆள் வைத்து வழியை அடைத்தது. மறு குளிரில், அன்று சாட்சிகளோடு வாயே திறக்காமல் நின்ற ஒரு செம்மறி, நடுங்கும் குட்டியோடு சுவருக்கு வந்தாள். அடைத்த இடத்தில் தலையை முட்டி, அந்தப் பெயரைச் சொன்னாள்.

"அது விலக்கிய பெயர்" என்று அதட்டியது மான்.

"உயிரைத்தானே கூப்பிடக் கூடாது? நான் வழியைக் கூப்பிடுகிறேன்" என்றாள் செம்மறி, கரகரத்த குரலில். மறுபடியும் முட்டினாள். பின்னால் வாத்தும் வந்து தள்ளியது. கல் நகர்ந்தது.

முயல் திரும்பி வரவில்லை. மானும் எங்கும் போய்விடவில்லை. அந்தக் கல்லை மட்டும் மறுபடி வைக்க ஆள் கிடைக்கவில்லை.

அன்று முதல்தான் அந்த மொழியில், சுவரில் விழுந்த வழிக்கும், அதற்காக முதலில் நகர்த்தும் கல்லுக்கும், பேச வேண்டிய நேரத்தில் பேசாதவர் தொண்டையில் கட்டும் கரகரப்புக்கும் ஒரே சொல். சாட்சிகள் முன்னால் நாரை உரக்கப் படித்த சொல்: தெல்வென்.