மாமியாரும் குதிரைப் பெட்டியும்

நங்கூரப்பட்டணத்து ராஜா மகரகேதுவுக்கு எதிரி யானைப்படையோட வந்தாக்கூடப் பயமில்ல. மாமியார் வர்றாங்கன்னா மட்டும் ஒளிய இடம் தேடுவாரு.

போன மார்கழியில உற்சவம் பார்க்க வந்த அந்தம்மா, பெரிய நாச்சியார், ராஜாவோட பள்ளியறைக்கு அடுத்த அறையில தங்கினாங்க. ராஜா லேசாக் குறட்டை விட்டாப் போதும், செவுத்துல டொக்கு டொக்கு. "மாப்பிள்ளை, சத்தம் இங்க கேக்குது." சாப்பாட்டுல உப்பைக் குறைச்சாங்க, அப்புறம் மிளகாயை நிறுத்தினாங்க. ராஜா சமையக்கட்டுல ஒளிஞ்சு நின்னு ஊறுகாய் நக்கின கதை ஊருக்கே தெரியும்.

இந்த மார்கழிக்கும் கப்பல்ல வர்றதாச் சேதி வந்துடுச்சு. "தனி வீடு இருந்தா அங்க தங்கறேன். இல்லேன்னா அந்தப் பழைய அறையே போதும்."

ராஜா சபையைக் கூட்டினாரு. "தோட்டத்து மேட்டுல ஒரு வீடு கட்டுங்க. உடனே."

அரண்மனை ஜோசியர் அவிநாசி எழுந்தாரு. மனுஷன் மூக்காலதான் பேசுவாரு. "மகாராஜாங்ங்... மார்கழியில யாருங்ங் வீடு கட்டுவா? கடக்கால் தோண்டக் கூடாது, செங்கல் வைக்கக் கூடாது, புது வீட்டுக்குள்ள நுழையவும் கூடாதுங்ங்."

சொல்லிட்டு மெல்லத் திரும்பி சடையாண்டியைப் பார்த்தாரு. சடையாண்டி ராஜாவைச் சிரிக்க வைக்கிற ஆள். ஜோசியர் மாதிரியே மூக்கால பேசிக் காட்டி சபையையே உருள விட்டவன். அந்த எரிச்சல் ஜோசியருக்கு ஆறவே இல்ல.

"நம்ம சடையாண்டிதான் பெரிய கெட்டிக்காரனாச்சேங்ங். சாஸ்திரம் கெடாம அவன் கட்டட்டும். முடியலைன்னா நாச்சியாரம்மா அவன் வீட்லயே தங்கட்டுங்ங்."

ராஜாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வீடு வந்தாலும் தப்பிச்சாரு, வராட்டியும் தப்பிச்சாரு. "சரி"ன்னுட்டாரு.

சடையாண்டி வீட்டுக்கு வந்து சொன்னதும் பொண்டாட்டி பொன்னாச்சி கரண்டியைக் கீழ வச்சா. "அந்தம்மா இந்த வாசப்படி ஏறினா, நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீயும் அவங்களும் உப்பில்லாத கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கெடங்க."

சடையாண்டி கடற்கரைப் பக்கம் நடந்தான். அங்க துறைமுகத்துல, குதிரை ஏத்திக்கிட்டு வந்த பெரிய பெரிய இரும்புப் பெட்டிங்க காலியாக் கெடந்துச்சு. இப்பக் கப்பல்ல கன்டெய்னர்னு வருதே, அதோட பாட்டன்னு வச்சுக்கங்களேன். குதிரை வித்துப் போச்சு, பெட்டியைச் சீந்த ஆளில்ல. ஆடுங்கதான் நிழலுக்கு ஒதுங்கிக் கெடந்துச்சு.

சடையாண்டி கப்பல் ஆசாரிங்களைக் கூப்பிட்டான். "ரெண்டு பெட்டியைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்கப்பா. நடுச்செவுத்தை வெட்டி எடுங்க. அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் கட்டில்."

"என்னண்ணே, பெட்டிக்குள்ள குடித்தனமா?"

"ஆமாடா. நாலு பக்கமும் ஜன்னல் வை."

"வெட்ட வெட்டப் பெட்டி தொங்கிப் போகும்ணே. ஜன்னலைச் சுத்திக் கட்டை கொடுத்தாத்தான் நிக்கும்."

"கொடு. அந்தம்மா உக்காந்தா மட்டும் தொங்காமப் பார்த்துக்க."

உச்சி வெயில்ல சடையாண்டியே உள்ள உக்காந்து பார்த்தான். கொஞ்ச நேரத்துல பொரிச்ச அப்பளமா வெளிய வந்தான். உடனே செவுருக்குள்ள தேங்காய் நாரை அடைச்சு, கூரைக்கு மேல காத்துப் போக இடம் விட்டுக் கீத்து வேய்ஞ்சு, ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினான். குதிரை வாடைக்குச் சாம்பிராணி. எல்லா வேலையும் துறைமுகத்துலேயே நடந்துச்சு. தோட்டத்து மேட்டுல ஒரு குழி தோண்டல, ஒரு கல்லு வைக்கல.

ஜோசியர் ஒருநாள் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. "என்னடா பண்றேங்ங்?"

"சரக்குப் பெட்டி ரிப்பேர் சாமி. போன வாரம் உங்க சந்தனக்கட்டை ராகுகாலத்துலதான் கப்பல்லேர்ந்து எறங்குச்சு. சரக்குக்கு நாள் பார்க்கறது இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜோசியர் வந்த வழியே திரும்பி நடந்தாரு. ஆனா மனசுக்குள்ள ஒரு கணக்கு. பெட்டி வந்தா வரட்டும், உள்ள நுழைய நாள் வேணுமே. அதை மார்கழியில எவன் கொடுப்பான்?

நாச்சியார் வர்ற அன்னிக்கு, ஜோசியர் ராஜாவுக்குப் பக்கத்துல பஞ்சாங்கத்தை விரிச்சு வச்சுக்கிட்டுத் தோட்டத்து மேட்டுலேயே நின்னாரு.

வீடு வந்துச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. ரெண்டு யானை இழுக்க, உருளைக் கட்டை மேல கடகடன்னு வீடு நடந்து வந்துச்சு. ஜன்னல்ல பெரிய நாச்சியார். கையில சுக்குத் தண்ணி.

"மாப்பிள்ளை, பல்லக்குன்னு அனுப்பினா இப்படி அனுப்பணும். துறைமுகத்துல ஏறினேன், படுத்துத் தூங்கிட்டே வந்தேன். எனக்கு இதுவே போதும்."

ஜோசியர் குதிச்சாரு. "மகாராஜாங்ங்! மார்கழியில புது வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டாங்களேங்ங்!"

"யாரு சாமி நுழைஞ்சா?" சடையாண்டி கேட்டான். "அம்மா துறைமுகத்துல வண்டி ஏறினாங்க. வண்டி இங்க வந்து நின்னுச்சு. அவங்க இன்னும் எறங்கவே இல்லையே. எறங்காம உக்காந்திருக்கிறதுக்கு எந்தப் பஞ்சாங்கத்துல தடை?"

ஜோசியர் பக்கம் பக்கமாப் புரட்டினாரு. கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து புரட்டினாரு.

ராஜா சடையாண்டியை ஒரு மரத்துக்குப் பின்னால தள்ளிக்கிட்டுப் போனாரு. முகத்துல ஒரு கவலை. "ஏய், அவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு போலிருக்கே. இங்கேயே தங்கிட்டா? அந்த உருளைக் கட்டையை எப்ப எடுக்கப் போறே?"

"அதை எதுக்கு மகாராஜா எடுக்கணும்? யானையை அந்தப் பக்கம் மாத்திக் கட்டினா, அம்மா தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள வீடு கப்பல் துறையில நிக்கும்."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மரமே ஆடுற மாதிரி சிரிச்சாரு.

ஜன்னல்லேர்ந்து டொக்கு டொக்கு. "மாப்பிள்ளை, சத்தம் இங்க கேக்குது."

ராஜா டக்குனு வாயைப் பொத்திக்கிட்டாரு. கழுத்துல கெடந்த முத்துமாலையைக் கழட்டி சடையாண்டி கையில வச்சு, காதோரமாச் சொன்னாரு:

"யானையை மட்டும் அவுத்துடாதே."